மூணாவதுதானே

பிள்ளையைப் பின்பக்கம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பூங்கோதை கட்டிலில் உட்கார்ந்து அவனுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய வேட்டியைக் கிழித்த சதுரங்கள், மூத்தவள் எழிலிக்குத் தைத்து அடுத்தவள் தேன்மொழி போட்டு இப்போது இவனுக்கு வந்து சேர்ந்திருக்கிற இரண்டு சட்டைகள், அவ்வளவுதான். நாலாக மடித்தால் அடுக்கு சரிந்தது, எட்டாக மடித்தால் உருண்டது. ஆகவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டைத் துணி இடைஞ்சலாக இருந்தது. பின்பக்கத்தில் ராஜாமணி அத்தை, அவளுடைய மாமியார், மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, நீட்டிய கால்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சொம்புக்கும் நடுவில் அத்தை "அவ்ளோதான், முடிஞ்சிருச்சு" என்று சொன்னாள். பிறகு அடுத்த சொம்பை மொண்டாள். குழந்தை வீறிட்டது. பூங்கோதை கையை நிறுத்திக்கொண்டு, தனக்குள் ஏதாவது நடக்கிறதா என்று கவனித்தாள். எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்கிறதா என்று அடுப்படியில் காது கொடுத்து நிற்பதைப் போல. வெடிக்கவில்லை. ரவிக்கையின் முன்பக்கம் மட்டும் ஈரமாயிற்று. உடம்புக்குத் தகவல் போய்விட்டது, அவளுக்குத்தான் நகல் வரவில்லை. இந்த மாதிரி யோசிப்பதெல்லாம் ஒரு அரசாங்க ஊழியரோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்ததால் வருவது. அவள் நனைந்த இடத்தில் ஒரு சதுரத்தை வைத்துக்கொண்டாள். இன்றைக்கு சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் வருகிற நாள். பதினோரு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வருவாள், குழந்தையை எடை போடுவாள், பால் போதுமா என்று கேட்பாள், கிளம்புவாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும். போன தடவையே சொல்லியிருக்க வேண்டும். போன தடவை வாயைத் திறந்து, "காபி குடிக்கிறீங்களா சிஸ்டர்" என்று கேட்டுவிட்டாள்.

என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். ஒரு வாக்கியம் இருந்தால் போதும். கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தேடுகிற மாதிரி எல்லாமே தன்னுடையது போலத் தெரிகிறது, காலில் போட்டால் இல்லை. மனசு சரியில்லை என்று சொல்லலாம். அத்தையிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே சமயபுரத்துக்கு ஒரு மஞ்சள் துணி முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைக்கப்பட்டது. பயமாக இருக்கிறது என்று சொன்னால் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். கட்டினார்கள், இடுப்பில் இருக்கிறது, அரிக்கிறது. அசதியாக இருக்கிறது என்றால் பூண்டு. இந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் எதைச் சொன்னாலும் கடைசியில் பூண்டுக்குத்தான் வந்து சேரும். பூண்டுக் குழம்பு, பூண்டு போட்டுக் காய்ச்சிய பால், பூண்டு தட்டிப்போட்ட சுறாப்புட்டு. மூன்று பிரசவத்துக்கும் சேர்த்து அவள் தின்ற பூண்டு ஒரு கொல்லைக்கு வரும். அழுகையாக வருகிறது என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா, "உனக்கு என்னடி, ரெண்டு வளத்த கை, மூணாவதுதானே" என்றாள். அதோடு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அம்மா போய்விட்டாள். மூணாவதுதானே. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில், பால்காரர் வாசலில் நின்று, பிரசவ வார்டில் பெருக்குகிற அம்மாள் காலால் வாளியைத் தள்ளிக்கொண்டே. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட மாதிரி, ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் கை தானாகப் போய்விடும் என்கிற மாதிரி. கை தானாகத்தான் போகிறது. துணி மாற்றுகிறது, முதுகைத் தட்டுகிறது, சேலைத் தூளியை ஆட்டுகிறது. கை நல்ல கை. அதோடு யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அழுவது இந்தத் தடவை மட்டும் அல்ல என்று துணி மடிக்கையில் அவளுக்கு ஞாபகம் வந்தது. எழிலி பிறந்தபோதும் அழுதாள். அப்போது "முதல் பிள்ளை, புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். தேன்மொழி பிறந்தபோது இன்னும் கூட அழுதாள். அதற்குக் காரணம் தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதும் பெண் என்று அத்தனை பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள், அவளும் அதையே நம்பி, அந்தக் குழந்தையிடம் பிற்பாடு ரகசியமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். இப்போது பையன். பையனுக்கு அழுதால் என்ன காரணம் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் கண் திருஷ்டி என்கிறார்கள். எண்ணிக்கை மாறியது, அதற்கு ஏற்றபடி காரணமும் மாறியது, அழுகை மட்டும் அதே அழுகை. அப்படியானால் எத்தனை பெற்றால் அழலாம். நாத்தனார் கஸ்தூரி ஒன்றே ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். அந்த ஒன்று பிறந்து ஒரு வருஷம் அவள் அறையை விட்டு வரவில்லை, தலை வாரவில்லை. "ஒண்ணு பெத்தவளுக்குத்தான் இந்தச் சொகுசு நோவெல்லாம்" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பூங்கோதையும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டு, ஆமாம் போட்டிருக்கிறாள். அத்தை ஆறு பெற்றவள். "எங்களுக்கெல்லாம் அதுக்கு ஏதும்மா நேரம், ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது" என்பாள். ஆக ஒன்று பெற்றவளுக்குச் செல்லம் அதிகம், அழக்கூடாது. இரண்டு பெற்றவளுக்கு ஒரு வழியாக முடிந்தது, அழக்கூடாது. மூன்று பெற்றவளுக்கு அனுபவம் இருக்கிறது, ஆறு பெற்றவளுக்கு நேரம் இல்லை. நாலும் ஐந்தும் மிச்சம். நாலு பெற்றால் ஒருவேளை விடுவார்களாக இருக்கும். இந்த யோசனை வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் சிவநேசனிடம் சொல்லலாம்தான். கட்டின புருஷன், கெட்டவர் இல்லை, குடிப்பதில்லை, பெண்பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவார். ஆனால் அவருக்கு மூன்றாவது பிள்ளை என்பதே ஒரு துறை ரீதியான சங்கடம். அரசாங்க சுகாதாரத் துறையில் அவர் பார்க்கிற வேலை குடும்பநலப் பிரச்சாரம். ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய், இரண்டு பிள்ளைக்கு மேல் ஏன் கூடாது என்று பேச வேண்டும். நன்றாகப் பேசுவார். ஆம்பளைகளுக்கான ஆபரேஷன் ஊசி போட்டுக்கொள்கிற மாதிரிதான், மறுநாளே ஏர் பிடிக்கலாம் என்று சொல்லிச் சொல்லி, ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, வெளியில் நின்று அவர்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதற்காகக் கேடயம் வாங்கியிருக்கிறார். டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேன்மொழி பிறந்ததும் தானே அதைச் செய்துகொள்வதாக அவளிடம் சொன்னார். ஆனால் தன் ஆபீசிலேயே, தினமும் தன்னோடு டீ குடிக்கிறவர்கள் முன்னால் போய்ப் படுக்க அவருக்கு வெட்கம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஐந்து வருஷம் போயிற்று. கடைசியில் வெளி மாவட்டத்தில் செய்துகொள்வதாக முடிவுசெய்து, லீவு போட்டுவிட்டுக் காலையில் கரூருக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்தார், கையில் இரண்டு போர்வை. "டாக்டர் லீவாம்" என்றார். "சும்மா வர வேணாமேன்னு வாங்குனேன்." டாக்டர் லீவு இல்லை, அந்த முகாமில் ஆட்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தவர் இவரோடு ட்ரெயினிங்கில் ஒரே ரூமில் இருந்தவர், பார்த்ததும் இவர் அப்படியே திரும்பிவிட்டார் என்பது மெதுவாகத்தான் வெளியில் வந்தது. போர்வை நல்ல போர்வை. அந்தக் குளிர்காலத்தில் இதமாக இருந்தது. அதன் பலன்தான் பின்பக்கத்தில் இப்போது வீறிட்டுக்கொண்டிருக்கிறது. ஆபீசுக்கு அவர் இன்னும் சொல்லவில்லை. மிட்டாய் கொடுக்கவில்லை. பேர் வைத்துத் தொட்டில் போட்டால் ஆபீசைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் மேலதிகாரி வருவார், வந்து தொட்டிலைப் பார்ப்பார். அதனால் முப்பதாம் நாள் தொட்டில் போடவில்லை. பிள்ளைக்கு இன்னும் பேர் இல்லை. தம்பி என்கிறார்கள். உலகத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளையை வளர்த்துவிடலாம் என்று சிவநேசன் நினைக்கிற மாதிரி இருந்தது. ஜெசிந்தா சிஸ்டர் மட்டும் வீட்டுக்கு வருவதால் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று அவளிடம் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது அதே சிஸ்டரிடம் பூங்கோதை தன் விஷயத்தையும் சொன்னால் என்ன ஆகும். சிஸ்டர் நல்லவள்தான், ஆனால் மனுஷிதானே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் திறக்கும்போது கூடவே வாயும் திறக்கும். சிவநேசன் சார் வீட்டில் மூன்றாவது, அதோடு அந்த அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம். புத்தி கொஞ்சம் என்று சொல்லும்போது எல்லோரும் தலைப்பக்கத்தில் விரலைச் சுற்றுவார்கள். அந்த விரல் அவளுக்கு இப்போதே தெரிந்தது, பிரியாணி எண்ணெயோடு.

ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியாது, ஏனென்றால் அண்டா இருக்கிறது. அண்டாவை யோசிக்கக் கூடாது. துணியை யோசிக்கலாம். எழிலி இன்றைக்குக் கணக்குப் பரீட்சை என்றாளே, போகும்போது சாப்பிட்டாளா. சாப்பிட்டாள், இட்லி, சட்னியை ஒதுக்கிவிட்டாள். சட்னியில் பூண்டு. அண்டா பின்பக்கத்தில் குழாயடியில் இருக்கிறது, பித்தளை, அத்தையின் கல்யாணத்துக்குக் கொடுத்தது, விளிம்பு வரை தண்ணீர் நிற்கும். பிரசவமாகி வந்து கொஞ்ச நாளில், அத்தை கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், அவளே குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்துக்கொண்டு போனாள். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபோது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டால், என்று அந்த ஆள் கேட்டான். மிரட்டவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மணி என்ன என்று கேட்கிற குரல். அவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு உள்ளே வந்து, ஈரத்துணியால் துடைத்து, பவுடர் போட்டுப் படுக்கவைத்தாள். அத்தை வந்து ஏன் குளிப்பாட்டவில்லை என்று கேட்டபோது மணிக்கட்டு வலி என்று சொன்னாள். வாயில் அதுதான் வந்தது. நல்ல பொய், மணிக்கட்டு வலிக்கிறவளிடம் யாரும் குழந்தையைக் குளிப்பாட்டக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பொய்க்கு இவ்வளவு வைத்தியம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பிண்டத் தைலம் வந்தது, அமுக்கிப் பிடித்துவிடுகிற ஒருவர் வந்து சொடக்கு எடுத்தார், பட்டைத் துணி வந்தது. ஒரு நாள் காலையில் கட்டை அவிழ்த்துக் குளித்தவள் மறதியாக மறு கையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தை பார்த்துவிட்டு, "வலி இந்தப் பக்கம் எறங்கிருச்சா" என்று கவலையோடு கேட்டு, அந்தக் கைக்கும் தைலம் போட்டாள். இப்போது அவளிடம் ஒரு வலியும் இல்லாத இரண்டு மணிக்கட்டுகள் இருக்கின்றன, இரண்டும் ஆயுர்வேதக் கடை வாசனை அடிக்கின்றன. பின்னால் நிற்கிறவன் மட்டும் போகவில்லை. மாடிப்படியில் நிற்கிறான். காய் நறுக்கும்போது நிற்கிறான். ஒன்றும் செய்ய மாட்டான், கேட்பான். கேட்கிறவன் அவளேதானோ என்பதுதான் பயம். அந்தப் பயத்தை யாரிடமாவது சொன்னால் அவர்கள் அந்தக் குழந்தையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எடுத்துக்கொண்டு போனால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் மார்பு மறுபடி சுரந்து, வைத்திருந்த சதுரமும் நனைந்துவிட்டது. மடித்த அடுக்கிலிருந்து இன்னொன்று எடுத்தாள். இப்படியே போனால் மடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அத்தை குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். சாம்பிராணிப் புகை அவள் பின்னாலேயே வந்தது. குழந்தை அழுது ஓய்ந்து, குளித்த கிறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அத்தை அதைக் கட்டிலில் போட்டு, கன்னத்தில் மை வைத்து, மூக்கை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்படியே சிவநேசன்தான். அவனும் குளிச்சா இப்படித்தான் கெறங்கிக் கெடப்பான். ஊரே எழவு எடுத்தாலும் எந்திரிக்க மாட்டான்."

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். சிவநேசன் அத்தைக்கு நாலாவது. இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு விஷயம் இவ்வளவு நாள் சும்மா உட்கார்ந்திருந்ததை இப்போதுதான் பார்த்தாள். இந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. காதுகுத்து, கல்யாணம், எதுவாக இருந்தாலும் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். அத்தை வயசுக் காலத்தில் ஒரு நாள் ஊறவைத்த அரிசியை டின்னில் எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனவள், மில்லுக்கு எதிரில் பெரம்பலூர் பஸ் நின்றதாம், ஏறிவிட்டாளாம். அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் இருந்துவிட்டாளாம். மாமா ஊரெல்லாம் தேடி, கிணற்றில் எல்லாம் ஆள் இறக்கிப் பார்த்து, கடைசியில் பெரம்பலூருக்குப் போனால், அத்தை வாசலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாளாம். "மாவு அரைக்கப் பெரம்பலூர் போனவ" என்று முடிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். பன்னிரண்டு வருஷமாகப் பூங்கோதையும் சிரித்திருக்கிறாள். கிணற்றில் ஏன் ஆள் இறக்கினார்கள் என்று அவள் கேட்டதில்லை.

"அத்தை, நீங்க டின்னோட பெரம்பலூர் போனீங்களே, அது எந்தப் பிள்ளை பொறந்தப்ப?"

"இவன் அப்பனுக்குத்தான். ரெண்டு மாசமோ என்னமோ."

"அங்க போயி என்ன பண்ணீங்க?"

அத்தை குழந்தையின் கழுத்து மடிப்பில் பவுடர் தடவிக்கொண்டிருந்தாள். "தூங்குனேன்" என்றாள்.

"அத்தனை நாளுமா?"

"எங்க அக்கா சோத்துக்கு எழுப்புவா. தின்னுட்டு மறுபடி தூங்குவேன். பூத் தொடுத்தேங்கிறதெல்லாம் உங்க மாமா சேத்துக்கிட்டது. அந்த மனுசன் வந்தப்பவும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"திட்டுனாரா?"

"போனதுக்குத் திட்டல. டின்ன அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன். புது டின்னு. அதுக்குத் திட்டுன திட்டு இருக்கே." அத்தை சிரிக்கப் போனாள், யாரும் கூடச் சிரிக்க இல்லாததால் நிறுத்திவிட்டாள். "அரிசி ஊறிப்போச்சு, என்ன செய்யறது. அக்கா ஆட்டி தோசை சுட்டுட்டா." பிறகு, பூங்கோதையின் பக்கம் பார்க்காமல், "ஏன் கேக்குற" என்றாள்.

பூங்கோதை சொல்ல வாயைத் திறந்தாள். வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

ஜெசிந்தா சிஸ்டர் ஐம்பதை நெருங்கியவள். கொண்டையில் எப்போதும் இரண்டு பேனா செருகியிருக்கும். உள்ளே வந்ததும் ஃபேனுக்கு நேர் கீழே நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து தொங்கு தராசை எடுத்து, கூடத்து ஊஞ்சல் கொக்கியில் மாட்டி, குழந்தையை அதன் தூளியில் போட்டாள். குழந்தை சந்தையில் தொங்குகிற பூசணிக்காய் மாதிரி மெதுவாகச் சுற்றியது.

"நாலு கிலோ நானூறு. நல்லா ஏறியிருக்கான். பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்லம்மா" என்றாள் அத்தை. "அவங்கப்பனுக்கு ஆபீஸ்ல யாருக்கும் தெரியக் கூடாதாம்."

"யாருக்கு?" என்றாள் சிஸ்டர். "ஜீப் டிரைவர்லேர்ந்து பெரிய டாக்டர் வரைக்கும் தெரியும். வயிறு தெரிஞ்சப்பவே தெரியும். சாருதான் யாருக்கும் தெரியாதுன்னு நடந்துக்கிட்டு இருக்காரு. பாவம், மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு நாங்களும் தெரியாத மாதிரியே இருக்கோம். போன வாரம் அவரு கூட்டத்துல ரெண்டுக்கு மேல் வேண்டாம்னு சொல்றப்ப எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு இருந்தோம்." குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து அத்தையிடம் கொடுத்தாள். "பால் போதுமா?"

"போதும்" என்றாள் பூங்கோதை.

"காய்ச்சல், வயித்து வலி?"

"இல்ல."

"வேற ஏதாச்சும்?"

இதுதான் இடம். பூங்கோதைக்கு இடம் தெரிந்தது. இதற்குள் ஒரு வாக்கியத்தை வைத்தால் போதும். தேடினாள். எல்லாச் செருப்பும் கிடந்தன. சிஸ்டர் தராசைக் கழற்றிப் பையில் வைத்து ஜிப்பை இழுக்கத் தொடங்கினாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை உதறிக்கொண்டிருந்தவள் பூங்கோதையின் கைக்கட்டைப் பார்த்தாள்.

"கையில என்ன?"

"மணிக்கட்டு வலி" என்றாள் அத்தை. "ரெண்டு கையும் மாறி மாறி வருது. தைலம் போட்டும் கேக்கல."

"கையில ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள் பூங்கோதை.

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பட்டையின் நுனியைப் பிடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள். நிறையச் சுற்று இருந்தது, அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். "வலியே இல்ல. இவனக் குளிப்பாட்ட முடியல. அதுக்காக அப்படிச் சொன்னேன்."

அத்தை குழந்தையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். சிஸ்டர் ஜிப்பை விட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்து, பூங்கோதையையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அழுகை வருதா?"

"வருது."

"இவனப் பாத்தா?"

"ஒண்ணும் தோண மாட்டேங்குது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி."

"அவனுக்கு எதையாவது பண்ணிருவோமோன்னு பயம் வருதா?"

காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்ட அதே குரல். பூங்கோதைக்கு அதுதான் நம்ப முடியாமல் இருந்தது. இதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் கேள்வியை இந்த அம்மாள் வேறு யாரிடமோ, வேறு எந்தத் தெருவிலோ, இதே மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அங்கேயும் ஒருத்தி பதில் சொல்லியிருக்கிறாள். பின்னால் நிற்கிறவன் அவள் வீட்டுக்கு மட்டும் வந்தவன் இல்லை. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறான், துணி வியாபாரி மாதிரி.

"வருது" என்றாள். "அண்டாகிட்டப் போக மாட்டேன். மாடிப்படி ஏற மாட்டேன்."

"பண்ணணும்னு தோணுதா, இல்ல பண்ணிருவோமோன்னு பயமா?"

"பயந்தான் சிஸ்டர். பயந்துக்கிட்டுத்தான் விலகி விலகிப் போறேன்."

"சரி" என்றாள் சிஸ்டர். "இது ஒரு நோவு. உங்க குணம் இல்ல. வைத்தியம் இருக்கு, சரியாயிரும். நாளைக்கு இதுக்குன்னு இருக்கற டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் நீங்க தனியா இருக்க வேணாம், இவனோடயும் தனியா இருக்க வேணாம்." ஒரு பெருமூச்சு விட்டாள். "தப்பு எங்க மேலயும்தான். மொதப் பிரசவம்னா தோண்டித் தோண்டிக் கேப்போம். மூணாவதுன்னா அனுபவம் உள்ளவங்கன்னு தராச மாட்டிட்டுக் கெளம்பிருவோம். ஒண்ணு பெத்தவங்களுக்கும் வந்து பாத்திருக்கேன், அஞ்சு பெத்தவங்களுக்கும் பாத்திருக்கேன். இன்னும் சொல்லப்போனா சார் கூட்டத்துல இதப் பத்தி ரொம்ப நல்லாப் பேசுவாரு. படம் காட்டுவாரே, தலையில கை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்கும்."

பூங்கோதைக்கு அந்தப் படம் தெரியும். அந்த அட்டைகள் இந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்குத் தேன்மொழி மீசை வரைந்து வைத்திருக்கிறாள். பாதி மாவட்டம் அந்த மீசையோடுதான் அவளைப் பார்த்திருக்கிறது.

சிஸ்டர் போனை எடுத்துப் பேசினாள். அந்தப் பக்கத்தில் சிவநேசனின் ஆபீஸ் குரல் இங்கேயே கேட்டது; ஃபீல்டில் இருப்பதாகவும் சாயங்காலம் பேசுவதாகவும் சொன்னார்.

"நானும் ஃபீல்டுலதான் சார் இருக்கேன்" என்றாள் சிஸ்டர். "உங்க வீட்டுல. கெளம்பி வாங்க. பதறாதீங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா வாங்க." அந்தப் பக்கத்திலிருந்து இப்போது ஆபீஸ் இல்லாத ஒரு குரல், "பூங்கோதைக்கா?" என்று கேட்டது. "ஆமா" என்று சொல்லி சிஸ்டர் போனை வைத்தாள். கொண்டையிலிருந்து பேனாக்களை உருவிக் கீழே வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டாள். அவர் வந்து சேருகிற வரைக்கும் கிளம்புகிற உத்தேசம் இல்லை என்பது தெரிந்தது.

அத்தை குழந்தையைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"வேற?" என்றாள் சிஸ்டர்.

பூங்கோதை அவ்வளவுதான் என்று சொல்லப் போனாள். அது ஒன்றுதான் இருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், அதை எடுத்த இடத்தில் அடியில் இன்னொன்று இருந்தது. அதற்கும் அடியில், எழிலி பிறந்த காலத்திலிருந்து, அடுக்காக இருந்தது.

"இருக்கு சிஸ்டர்" என்றாள்.

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. "அது கெடக்கட்டும்" என்றாள். "நீ சொல்லு."